ஞாயிறு 11 மணிக்கு மட்டும் பார்த்துவிட்டு வீடு வாங்காதீர்கள்

புறநகரில் வீடு பார்த்து, அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் ஊருக்கு வெளியே ஒரு புது லேஅவுட்டில் வீடு வாங்கினோம். பத்திரத்தில் குறை இல்லை. கட்டடமும் பரவாயில்லை. ஏமாந்தது அந்த இடத்தைப் பற்றிச் சொன்ன பேச்சில்தான்.

புரோக்கர் எங்களை மூன்று தடவை அழைத்துப் போனார். மூன்று தடவையும் ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி வாக்கில், அவருடைய காரில், மழை இல்லாத மாதத்தில். "டவுனுக்கு இருபது நிமிஷம் சார்" என்றார். அன்றைக்கு இருபது நிமிடம்தான் ஆனது. குடிவந்த முதல் திங்கட்கிழமை 55 நிமிடம் ஆனது. நடுத்தர அளவுள்ள ஊர்களில் இதுதான் சிக்கல். பெருநகரம் மாதிரி நாலு வழி கிடையாது. ஒரு பக்கத்துப் புறநகர்கள் அத்தனையும் ஒரே சாலையில் இறங்கி, ஒரே பாலத்தையோ ஒரே ரயில்வே கேட்டையோ தாண்டித்தான் உள்ளே நுழைய வேண்டும். தூரத்தைப் பார்த்தால் போதாது, நடுவில் எது வழி மறிக்கிறது என்று பார்க்க வேண்டும். போக 35, வர 35 என்று தினமும் 70 நிமிடம் கூடுதல். வருடத்துக்கு 250 வேலைநாள் என்று வைத்தால் 290 மணி நேரத்துக்கு மேல் வருகிறது, அதாவது முழுசாகப் 12 நாள். விலை குறைவாக இருப்பதால் இந்த அலைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஃப்ரை, ஸ்டட்ஸர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மனியில் பல வருடத் தரவுகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பயண நேரம் கூடக் கூட மனநிறைவு குறைகிறது, மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அதை முழுதாக ஈடுசெய்வதில்லை என்பது அவர்கள் கண்டது. என் மனைவியும் நானும் அதை அனுபவித்துத் தெரிந்துகொண்டோம்.

"ரிங் ரோடு வந்துடும் சார், மாஸ்டர் பிளான்லயே இருக்கு" என்றும் சொன்னார். வரைபடத்தில் கோடு இருந்தது உண்மை. ஆனால் அது வெறும் கோடு. நிலம் எடுத்தாயிற்றா, பணம் ஒதுக்கியாயிற்றா, டெண்டர் விட்டாயிற்றா என்று நாங்கள் கேட்கவே இல்லை. மூன்றுமே நடக்கவில்லை. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் அதே கதைதான். நகர எல்லைக்கு 400 மீட்டர் வெளியே இருக்கிறோம், எல்லையோடு குழாய் நின்றுவிடுகிறது. தண்ணீர் லாரியில் வருகிறது, கழிவுநீரும் லாரியில் போகிறது.

இரண்டாவது வாரம் இரவில் புகை நாற்றம் வந்தது. ஊர்க் குப்பைக் கிடங்கு எங்களிடமிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. பகலில் வெயில் ஏற ஏறத் தரையோரக் காற்று சூடாகி மேலே கிளம்பும், புகையும் நாற்றமும் அதோடு கலைந்துபோகும். இரவில் காற்று அசையாமல் தரை குளிர்ந்தால் குளிர்ந்த காற்று கீழேயே தங்கி, மேலிருக்கும் வெப்பக் காற்று மூடிபோல அமுக்கிவிடும். அதனால் இரவு 10 மணியிலிருந்து விடிகிற வரைக்கும் ஜன்னல் திறக்க முடியாது. ஞாயிறு 11 மணிக்குப் போனவனுக்கு இது எப்படித் தெரியும்? அந்த நேரம் தற்செயலாக அமைந்தது என்று இப்போது நான் நம்பவில்லை.

பெரிய அடி மழையில் விழுந்தது. வாங்குவதற்கு முன், தண்ணீர் நிற்குமா என்று நேராகவே கேட்டிருந்தேன். "நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழைக்குத்தான் சார் இங்க தண்ணி ஏறும்" என்றார். அந்தப் பதிலில் நான் நிம்மதியானேன். நூறு வருடத்துக்கு ஒரு முறை என்றால் ஒவ்வொரு வருடமும் 100-ல் 1 வாய்ப்பு என்று பொருள். 30 வருடக் கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது அது வர வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்று. அதுவும் அவர் சொன்னது உண்மையாக இருந்தால். எங்கள் வீட்டுக்குள் இரண்டாவது வருடமே முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அம்மாவைக் கட்டிலோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம்.

தண்ணீர் வடிந்த பிறகு பக்கத்து வயல்காரப் பெரியவர் வந்து பார்த்தார். "அது தண்ணி வடியற பள்ளம், தம்பி. மண்ணக் கொட்டி ஒசத்துறப்பவே அவங்ககிட்ட சொன்னோம்" என்றார். ஆக, விற்றவர்களுக்குத் தெரியும். கொட்டிய மண் அமுங்க அமுங்கக் காம்பவுண்டுச் சுவரும் விரிசல் விட்டிருக்கிறது.

இதை நான் உட்கார்ந்த இடத்திலேயே முன்கூட்டிப் பார்த்திருக்க முடியும் என்பதுதான் மனதை அறுக்கிறது. குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு இலவச வரைபடம் இருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் வெளியிட்டது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து 1984 முதல் எங்கெங்கே தண்ணீர் நின்றது என்று காட்டும், உலகம் முழுவதற்கும். 30 மீட்டருக்குக் குறைவான சின்னக் குட்டைகள் அதில் தப்பிவிடலாம், அதனால் அதில் ஒன்றுமில்லை என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் தெளிவாகவே ஒரு கறை இருக்கிறது. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். மனை போடுவதற்கு முந்தைய படங்களில் அதே இடத்தில் பச்சைப் பட்டை ஒன்று வளைந்து போகிறது.

புரோக்கரிடமும் விற்ற நிறுவனத்திடமும் போனோம். "ஒப்பந்தத்துல எங்க சார் எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை. இருபது நிமிடம், ரிங் ரோடு, நூறு வருடம் எல்லாமே வாய்ப்பேச்சு. விளம்பரத் தாளின் அடியில் பொடி எழுத்தில் "மாறுதலுக்கு உட்பட்டது" என்று இருந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன், சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும். ஒரு திங்கள் காலை 8 மணிக்கு அங்கிருந்து உங்கள் வேலையிடத்துக்கு நீங்களே வண்டியில் போய்ப் பாருங்கள். ஒரு இரவு 10 மணிக்குப் போய் நில்லுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். புரோக்கர் இல்லாமல் போங்கள். அக்கம்பக்கத்தில் சொந்த வீட்டுக்காரரை விட வாடகைக்கு இருப்பவரிடம் கேளுங்கள், மனை விலை குறைந்துவிடும் என்ற பயம் அவருக்கு இல்லை.

அதே லேஅவுட்டின் இரண்டாம் கட்டம் இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது, எங்களை விடத் தாழ்வான பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்குக் கார்கள் வருகின்றன. எங்கள் வெளிச்சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருக்கிறது, நாங்கள் அதன் மேல் வெள்ளை அடிக்கவில்லை. காரிலிருந்து இறங்கி யாராவது விசாரித்தால் அதைக் காட்டுகிறேன். போன மாதம் இரண்டு குடும்பங்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.