கூடுவாஞ்சேரி – கிண்டி: வருஷம் 15,120 கிலோமீட்டரை எதில் ஓட்டுவது?

வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ். அதற்கு முன் தெரிய வேண்டியது வருஷ ஓட்டம். விசாரித்தால் எல்லோரும் "பத்தாயிரம் ஓடும்" என்று ஒரே எண்ணைத்தான் சொல்வார்கள். பழைய சர்வீஸ் பில் இரண்டை எடுங்கள். தேதிக்குப் பக்கத்திலேயே ஓடோமீட்டர் கணக்கும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, இடைப்பட்ட மாதங்களால் வகுத்து, 12ஆல் பெருக்கினால் நிஜம் தெரிந்துவிடும்.

இங்கே சென்னையின் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையை எடுத்துக்கொள்வோம். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு ஏறத்தாழ 28 கி.மீ. போக வர 56. வருஷத்துக்கு 270 வேலை நாள் என்றால் 15,120 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92.50, சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) கிலோ 92 என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. உங்கள் பங்க்கில் விலை வேறு என்றால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ஸ்கூட்டரா, மின்சார ஸ்கூட்டரா?

110 சிசி ஸ்கூட்டர் இந்தச் சாலையில் லிட்டருக்கு 45 கொடுத்தால் வருஷத்துக்கு 336 லிட்டர், 33,936 ரூபாய். 3,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் என்றால் வருஷத்துக்கு ஐந்து தடவை. பலரும் மறக்கிற செலவு, இன்ஜின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் வேரியேட்டர் பெல்ட்டும் ரோலரும். 20,000 முதல் 24,000 கி.மீ.க்குள் மாற்ற வேண்டிய பொருள். இந்த ஓட்டத்தில் ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை வரும். மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை, சிக்னலில் கிளம்பும்போது உதறுகிறது என்றால் பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்பக்கப் பற்களுக்கு நடுவே வெடிப்பு தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது, மாற்றிவிடுங்கள். அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

மின்சார ஸ்கூட்டர், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்குச் சுமார் 3.5 யூனிட் இழுக்கும். வருஷத்துக்கு 529 யூனிட். இரண்டு மாத பில்லில் 88 கூடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை மானிய விலை கிடைக்கும். தாண்டிவிட்டால் அது போய்விடும், 500க்கு மேற்பட்டதற்கும் யூனிட் 8 ரூபாய்க்கு மேல். இந்த மோசமான கணக்கிலும் வருஷம் 6,500 ரூபாய் தாண்டாது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் 27,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

ஆனால் பேட்டரி அளவில் கஞ்சத்தனம் கூடாது. 2 கிலோவாட்-மணி (2 யூனிட் கொள்ளும்) பேட்டரி வண்டி 60 கி.மீ. வேகத்தில் போனால் 56 கி.மீ. தாங்குவதே இழுபறி. 3 கிலோவாட்-மணி வண்டி 85 வரை ஓடும். நாலு வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு திறன் குறைந்தாலும் வீடு வந்து சேரும். உத்தரவாதத்தில் வருஷத்தைப் பார்க்காதீர்கள், கிலோமீட்டரைப் பாருங்கள். "3 ஆண்டு அல்லது 30,000 கி.மீ., எது முந்துகிறதோ" என்று எழுதியிருந்தால் உங்களுக்கு அது இரண்டு வருஷ உத்தரவாதம்தான். சார்ஜரை 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். பிளக் பின் கறுத்திருந்தால் சாக்கெட் தளர்ந்து சூடாகிறது என்று அர்த்தம். சாக்கெட்டை மாற்றாமல் தொடராதீர்கள். சித்திரை வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுவது நல்லது.

கார் என்றால்

பெட்ரோல் கார் நெரிசலில் லிட்டருக்கு 14 கொடுத்தால் 1,080 லிட்டர், 1,09,080 ரூபாய். சி.என்.ஜி. கிலோவுக்கு 20 கொடுத்தால் 69,552. வித்தியாசம் 39,528. சி.என்.ஜி. மாடலுக்கு 95,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால் இரண்டரை வருஷத்துக்குள் திரும்பிவிடும். பணத்தில் ஜெயிக்கிறது, நேரத்தில் தோற்கிறது. 60 லிட்டர் சிலிண்டர் என்பது தண்ணீர் அளவு. வாயு ஏறுவது 8, 9 கிலோதான். பங்க்கில் அழுத்தம் குறைந்திருந்தால் 6 கிலோவிலேயே நின்றுவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். வருஷத்துக்கு 90 தடவை, வரிசையில் 20 நிமிஷம் என்றால் 30 மணி நேரம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) கட்டாயம். சான்றிதழ் காலாவதியானால் பங்க்கில் வாயு பிடிக்க மறுப்பார்கள்.

டீசலை இந்தப் பயணத்துக்குப் பரிந்துரைக்க மாட்டோம். லிட்டருக்கு 17 என்றால் 82,270 ரூபாய்; பெட்ரோலை விட 27,000 மிச்சம். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை விட்டுவிட்டதால் சின்ன கார்களில் தேர்வும் குறைவு. பெரிய தொல்லை, பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி. அந்த வடிகட்டியில் சேரும் கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். குரோம்பேட்டையில் ஊர்ந்து போகும் வண்டிக்கு அந்தச் சூடு சீக்கிரம் வராது. பாதி எரியும்போதே இன்ஜினை அணைத்தால், அந்தச் சூட்டுக்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடித்தால் அதுதான் காரணம். ஏற்கெனவே டீசல் வைத்திருப்பவர்கள், கரி முழுதாக எரிய, வாரம் ஒரு நாள் இரவு 10 மணிக்கு மேல் சிங்கப்பெருமாள் கோவில் வரை நிதானமான 70 கி.மீ. வேகத்தில் போய்த் திரும்புங்கள். பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்பே திரும்பிவிடலாம்.

மின்சார கார் யூனிட்டுக்கு 7 கி.மீ. என்றால் 2,160 யூனிட். ஒரு பில்லுக்கு 360 யூனிட் கூடும். வீட்டில் 250 ஓடிக்கொண்டிருந்தால் 610 ஆகி 500 யூனிட் வரம்பைத் தாண்டும். எல்லாம் சேர்த்துச் சராசரி 7 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய். பெட்ரோலுக்கு 7 ரூபாய்க்கு மேல். அடுக்குமாடியில் உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்குத் தனி லைன் இழுக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். வெளியே யூனிட் 20 ரூபாய்க்குப் போட்டே ஓட்டினால் ஆதாயத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கரைந்துவிடும்.

ரயில் ஏறுபவர்

இரண்டாம் வகுப்பு மாத சீசன் 200 ரூபாய்க்குள். கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரல் 19 முதல் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. கட்டணம் பல மடங்கு. கிண்டியில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ. குறை ஒன்றுதான்: தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிகள் அதிகம், தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அலுவலகம் இந்த ரயில் தடத்தில் இல்லாத சோழிங்கநல்லூர் என்றால் இந்தப் பத்தியே உங்களுக்கு இல்லை.

வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 3 கி.மீ. என்றால் ஸ்கூட்டரின் வருஷ ஓட்டம் 1,620தான், பெட்ரோல் 36 லிட்டர். இவருக்கு மின்சார ஸ்கூட்டர் வீண் செலவு. பழைய பெட்ரோல் வண்டியே போதும். ஆயிலை மட்டும் கிலோமீட்டர் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காரும் ஓரமாக நிற்குமானால், ஓடும் தூரத்துக்கேற்ற காப்பீட்டை விசாரியுங்கள். 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதை அனுமதித்தது, சொந்தச் சேதப் பிரீமியம்தான் குறையும், மூன்றாம் நபர் பிரீமியம் அப்படியே.

பாதி நாள் ரயில், பாதி நாள் கார் என்று போகிறவர்களும் உண்டு. அப்போது கார் ஓடுவது 7,560 கி.மீ. சி.என்.ஜி.யின் வருஷ மிச்சம் 19,764 ஆகச் சுருங்கி, அந்த 95,000 திரும்பி வர ஐந்து வருஷம் பிடிக்கும். அவர்கள் பெட்ரோல் மாடலையே எடுத்துவிட்டு, டிக்கியில் பெட்டி வைக்க இடம் மிச்சம் பிடிக்கலாம்.