கிடையா, பசுந்தாளா, மக்கிய எருவா: வயல் விடும் வாயுவில் எது தேவலாம்?

மீத்தேன் என்றால் டெல்டாக்காரர்களுக்கு எண்ணெய்க் கிணறும் போராட்டமும்தான் ஞாபகம் வரும். தண்ணீர் கட்டிய நெல் வயலும் பூமியைச் சூடாக்கும் அதே வாயுவை விடுகிறது என்றால் டீக்கடையில் சிரிப்பார்கள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலில் பாதியை ஆட்டுக்கிடையிலிருந்து (உரத்துக்காக ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைப்பது) மக்கிய எருவுக்கு மாற்றியிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

கிடையின் அருமையைச் சொல்லவே வேண்டாம். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து மந்தை வந்துவிடும். ஏற்றுக்கூலி, இறைப்புக்கூலி எதுவும் இல்லை. ‘ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்பது பொய்யில்லை, பயிர் கருகருவென்று வரும். ஆனால் கிடை கிடந்த இடத்தில் விடிகாலை குனிந்து பாருங்கள், கண் எரியும். அது அம்மோனியா. காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றில் போகிறது. கிடை பெயர்ந்ததும் ஒரு சால் உழுதுவிட்டால் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம். சித்திரையில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது டிராக்டர்காரர் ‘ஒரு மழை பெய்யட்டும்ணே’ என்பார். கிடை தோற்பது அங்கேதான்.

பசுந்தாளில், அதாவது உரத்துக்கென்றே வளர்த்துப் பச்சையாக மடக்கி உழும் செடியில், எனக்கு அனுபவம் கம்மி. தக்கைப்பூண்டைப் பூக்கும் சமயம் மடக்கி உழுதால் தழைச்சத்துக்குக் குறைவில்லை. பச்சையாக மடக்கி உடனே தண்ணீர் கட்டுவதுதான் சிக்கல்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: உரம் மண்ணுக்குள் போவதற்கும் தண்ணீர் ஏறுவதற்கும் நடுவில் உள்ள நாள். தண்ணீர் நின்றால் மண்ணில் காற்று அற்றுப்போகும். மட்காத சருகும் சாணமும் அங்கே மீத்தேன் நுண்ணுயிர்களுக்குத் தீனி. உண்டாகும் வாயுவில் பெரும்பங்கு நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே போகிறது. ஐ.நா. காலநிலைக் குழு 2006-ல் தந்த கணக்கு முறையில், மீத்தேனைக் கூட்டும் அளவு, நடவுக்கு முந்தைய 30 நாளுக்குள் மடக்கிய வைக்கோலுக்கு 1 என்றால், அதே எடைக்குப் பசுந்தாளுக்கு 0.5, தொழு உரத்துக்கு 0.14, மக்கிய கம்போஸ்டுக்கு 0.05. அதே வைக்கோலை 30 நாளுக்கு முன்பே மடக்கினால் 0.29. பொருள் ஒன்றுதான், நாள்தான் வேறு! மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கும் வருஷத்தில், வைகாசி பிறக்கும் முன்பே எருவைப் புழுதியில் கலந்துவிட வேண்டும். சேற்று உழவில் பச்சைச் சாணத்தைக் கொட்டினால், களை எடுக்க இறங்கும்போது காலடியில் வாயு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். (கூடவே வரும் அழுகிய முட்டை வாடை வேறு வாயு, மீத்தேனுக்கு மணமே கிடையாது.)

நான் வாயுவை அளந்ததில்லை. கொப்புளம் குறைந்திருப்பதைத்தான் பார்க்கிறேன். கூடவே காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விடுவதால், எந்தப் பங்கு எருவால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிக் காயவிடும்போது பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும் என்பதையும் மறைக்கக்கூடாது.

எருவிலும் வில்லங்கம் உண்டு. ஐப்பசி மழையில் ஆழக் குழி நிரம்பினால் குழியே மீத்தேன் விடும். அதனால் மேட்டில் குவித்து, கீற்றுப் போட்டு மூடி, இடையில் புரட்டிவிடுகிறேன். புரட்ட ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. ஏக்கருக்கு 5 டன் என்பது சிபாரிசு. இன்று யார் தொழுவத்தில் அவ்வளவு மாடு இருக்கிறது? எரு எட்டாத மீதிப் பாதிக்குக் கிடைதான். மந்தைக்காரரான கீதாரியிடம் பேசும் அன்றைக்கே டிராக்டருக்கும் முன்பணம் கொடுத்து நாள் குறித்துவிடுகிறேன்.