'7' என்ற எண்ணுக்குச் சட்டம் இல்லை: நாலு அயர்ன் செட்டுகள், ஓர் அலசல்

கோல்ஃப் கடையில் நாலு கம்பெனியின் 7 அயர்னை (அயர்ன் என்பது உலோகத் தலை கிளப், எண் ஏற ஏற தூரம் குறையும்) வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் சில பந்துகள் அடித்துப் பார்ப்போம். திரையில் எது அதிக தூரம் காட்டுகிறதோ அந்த செட்டுக்கு பில் போடப்படும். இந்தப் போட்டியில் ஜெயிப்பது பெரும்பாலும் நல்ல அயர்ன் அல்ல, லாஃப்ட் (பந்தில் படும் முகத்தின் சாய்வு) குறைந்த அயர்ன். அடியில் 7 என்று பொறிக்க இன்ன லாஃப்ட்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. 34 டிகிரிக்கும் 7 போடலாம், 29 டிகிரிக்கும் போடலாம். போடத்தான் செய்கிறார்கள்.

அதனால் தூரத்தைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு மற்றதைப் பார்க்கிறேன். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனின் அளவு, கூடினால் திறன் கம்மி) பதினைந்துக்கு மேலே, வாரக் கடைசி ஆட்டம், 7 அயர்னில் சுமார் நூற்று நாற்பது யார்டு கேரி (பந்து காற்றில் போகும் தூரம்). இப்படிப்பட்ட ஒருவருக்கு (நானும் அந்த ரகம்தான்) எது சரிப்படும் என்பதே கேள்வி. எடுத்துக்கொண்டவை பிங் ஜி430, டெய்லர்மேட் பி790, டைட்டிலிஸ்ட் டி150, மிசுனோ ப்ரோ 241. பி790, டி150 இரண்டும் 2023 மாடல்கள். முதல் மூன்றுக்கும் 2025இல் அடுத்த பதிப்பு வந்துவிட்டது. நமக்கு அது லாபம்தான். முந்தைய மாடலின் விலை இறங்கும், ஒரு சீசன் மட்டும் ஆடிய செகண்ட் ஹேண்ட் செட்டும் சந்தைக்கு வரும்.

முதலில் லாஃப்ட் கணக்கு, 7 அயர்னிலிருந்து பிட்சிங் வெட்ஜ் (9 அயர்னுக்கு அடுத்து வரும் கிட்டத்து ஷாட் கிளப்) வரை, டிகிரியில்:

பிங் ஜி430: 29, 33, 37, 41
டெய்லர்மேட் பி790: 30.5, 35, 40, 45
டைட்டிலிஸ்ட் டி150: 32, 36, 40, 44
மிசுனோ ப்ரோ 241: 34, 38, 42, 46

கொஞ்ச நேரம் இதையே பாருங்கள். ஜி430இன் 7 அயர்ன் மிசுனோவின் 6 அயர்னைவிட (30 டிகிரி) ஒரு டிகிரி குறைவு. ஜி430இன் பிட்சிங் வெட்ஜ், டி150இன் 9 அயர்னைவிட ஒரே ஒரு டிகிரிதான் கூடுதல். இன்னொன்று: பி790இன் 7 அயர்ன் டி150ஐவிட ஒன்றரை டிகிரி குறைவாக ஆரம்பித்து, 9 அயர்னில் சமமாகி, வெட்ஜில் ஒரு டிகிரி கூடுதலாக முடிகிறது. கடையில் சோதிப்பது 7 அயர்னைத்தான் என்பது செய்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

லாஃப்டைக் குறைப்பது வெறும் ஏமாற்று வேலை என்று சொல்லிவிடவும் முடியாது. இன்றைய அகலமான அயர்னில் எடையைக் கீழேயும் பின்னாலேயும் தள்ளி வைக்கிறார்கள். அதனால் பந்து தானாகவே மேலே எழும்பும். பழைய லாஃப்டையே விட்டிருந்தால் 7 அயர்ன் வானத்துக்குப் போய் பாதியில் விழும். எழும்புவது கூடியதால் லாஃப்டைக் குறைத்தார்கள். கணக்கு சரிதான். ஆனால் ஸ்பின் (பந்தின் பின்சுழல்) என்ற ஒன்று பாக்கி இருக்கிறது. லாஃப்ட் குறைந்தால் ஸ்பின் குறையும், கிரீனில் (குழி இருக்கும் குட்டைப் புல்தரை) விழுந்த பந்து நிற்காமல் கிரீனின் பின்பக்கத்தைத் தாண்டி உருண்டு போகும். நம் ஊர் மே மாதத்துக் காய்ந்த கிரீனில் கேட்கவே வேண்டாம்.

இதை அளக்கத்தான் இறங்கு கோணம். லாஞ்ச் மானிட்டரில் (அடித்த பந்தை அளந்து திரையில் காட்டும் கருவி) எல்லோரும் கேரியைப் பார்ப்பார்கள், இந்தக் கட்டத்தைப் பார்ப்பவர்கள் கம்மி. 45 டிகிரிக்குக் குறையாமல் இறங்கினால் பந்து கிரீனில் நிற்கும் என்பது கிளப்பை ஆளுக்கேற்பப் பொருத்தித் தரும் ஃபிட்டர்கள் கைக்கணக்காகச் சொல்வது. அந்தக் கருவி செய்யும் ட்ராக்மேன் முன்பு வெளியிட்ட தொழில்முறை டூர் சராசரிப் பட்டியலில் பி.ஜி.ஏ. ஆட்டக்காரர்களின் 7 அயர்ன் 172 யார்டு கேரி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,100 சுற்று ஸ்பின், இறங்கு கோணம் 50 டிகிரி. எல்.பி.ஜி.ஏ. பெண்களுக்கு 141 யார்டு, சுமார் 6,700 சுற்று, 47 டிகிரி. நம்மில் பெரும்பாலோர் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியது இரண்டாவது வரியோடு. அவர்கள் நம் தூரத்தையே அடித்து 47 டிகிரியில் இறக்குகிறார்கள். நாம் அதே தூரத்தை 40 டிகிரியில் இறக்கிவிட்டு கிரீன் கல்லாக இருக்கிறது என்று புலம்புகிறோம்.

சரி, ஒவ்வொன்றாக.

மிசுனோ ப்ரோ 241ஐச் சீக்கிரம் முடித்துவிடலாம். கையில் எடுத்ததும் வைக்க மனசு வராது. 1025 கார்பன் ஸ்டீல், ஹிரோஷிமாவில் அடித்துச் செய்தது, மேல் முலாமுக்கு அடியில் மெல்லிய செம்புப் பூச்சு. நடுவில் பட்டால் கைக்குப் பந்து பட்டதே தெரியாது. நடுவில் படாவிட்டால் எங்கே பட்டது, எவ்வளவு தள்ளிப் பட்டது என்று விரல் நுனி வரை தகவல் வரும், பந்து மட்டும் மணல் பங்கருக்குள் போகும். வாரத்துக்கு ஒருமுறை ஆடுகிறவருக்கு இது வேண்டாம். ஆசையை அடக்க முடியாவிட்டால் 8, 9, வெட்ஜ் மட்டும் வாங்கி மேலே வேறு செட்டோடு சேர்த்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை.

ஜி430 இதற்கு நேர் எதிர். அச்சில் வார்த்த 17-4 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தடித்த மேல் விளிம்பு, அகலமான சோல் (அடிப்பாகம்), கண்ணுக்குத் தெரிகிற ஆஃப்செட் (முகம் தண்டைவிடப் பின்தள்ளி இருப்பது). எடையை ஓரங்களுக்குத் தள்ளி, தப்பாகப் பட்டாலும் தலை திருகாமல் பார்த்துக்கொள்வது அந்தக் கம்பெனியின் பரம்பரைத் தொழில். நார்வேயில் பிறந்த கார்ஸ்டன் சோல்ஹைம், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இன்ஜினியராக இருந்தபோது 1959இல் கலிஃபோர்னியாவில் தன் வீட்டு கராஜில் ஒரு பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) செய்தார். பந்தில் பட்டால் அது 'பிங்' என்று ஒலித்ததால் அந்தப் பெயர். பட்டரில் பிடித்த அந்தத் தத்துவம்தான் இன்று ஜி430 வரை வந்திருக்கிறது.

கிளப் முகத்தில் பந்து எங்கே பட்டது என்று பார்க்க, பாதத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரே நல்ல உபாயம். மருந்துக் கடையில் கிடைக்கும். முகத்தில் லேசாக ஒரு பூச்சு பூசி அடித்தால், பந்து பட்ட இடத்தில் அதன் குழிகளோடு ஒரு வட்டம் பதிந்திருக்கும். என் வட்டங்கள் பெரும்பாலும் நடுவிலிருந்து அரை அங்குலம் டோ (தலையின் வெளி நுனி) பக்கமாக விழும். அந்த அரை அங்குலத்துக்கு எந்த அயர்ன் எவ்வளவு அபராதம் போடுகிறது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை சோதனையே. ஜி430 மிகக் குறைவாகப் போட்டது. நன்றாக அடித்ததும் சுமாராக அடித்ததும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய் விழுந்தன. மிசுனோவில் அதே தப்புக்கு ஒரு கிளப் தூரம் போய்விட்டது.

அப்படியானால் ஜி430ஐயே வாங்கிவிடலாமே? ஸ்விங் வேகம் குறைந்து வருகிறவர்கள், 5 அயர்னை எழுப்பவே திணறுகிறவர்கள், புதிதாக ஆட வந்தவர்கள் இதற்கு மேல் படிக்காமல் வாங்கிவிடலாம். எனக்கு இடித்தது கீழ்ப்பக்கம். பிட்சிங் வெட்ஜ் 41 டிகிரி என்றால் 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் வரை 15 டிகிரி இடைவெளி. நடுவே குறைந்தது இரண்டு வெட்ஜ் வேண்டும். அதற்காகவே பிங் 45.5, 50 என்று அதே செட்டில் வெட்ஜ்கள் விற்கிறது. பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது என்று 1938இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. விதி போட்டது, இன்னும் அதே விதிதான். கீழே ஒரு வெட்ஜ் கூடினால் மேலே ஒரு ஹைப்ரிட் (நீள அயர்னுக்குப் பதிலாக வைக்கும், எழுப்ப எளிதான கிளப்) குறையும். தவிர, 7 அயர்னே 29 டிகிரி என்னும்போது ஜி430இன் 4 அயர்ன் 19 டிகிரி. அதை எழுப்பத் தெரிந்தவருக்கு ஜி430 தேவையே இல்லை!

உண்மையான போட்டி பி790க்கும் டி150க்கும் நடுவில்தான்.

பி790 முதலில் வந்தது 2017இல். பார்வைக்கு பிளேடு மாதிரி ஒல்லியாக இருக்கும், உள்ளே காலி. மெல்லிய எஃகு முகம், பின்னால் உள்கூட்டில் ஸ்பீட்ஃபோம் என்ற நுரைப்பொருள். மெல்லிய முகத்தைத் தாங்குவது, அதிர்வையும் சத்தத்தையும் அடக்குவது, இரண்டும் அதன் வேலை. விஷயம் தெரியாதவர் முன்னால் வைத்தால் நல்ல ஆட்டக்காரரின் செட் என்று நினைப்பார். அந்த கௌரவத்துக்கும் சேர்த்துத்தான் விலை. ஆனால் உள்ளே சரக்கும் இருக்கிறது. முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்ட பந்தை, அதாவது காய்ந்த ஃபேர்வேயில் (வெட்டிய புல் பாதை) நாம் தினமும் அடிக்கிற அந்த மெல்லிய ஷாட்டை, இது காப்பாற்றிய மாதிரி மற்ற எதுவும் காப்பாற்றவில்லை.

மெல்லிய முகம் உள்ள எல்லா அயர்ன்களுக்கும் பொதுவாக ஒரு குணம் உண்டு. எப்போதாவது ஒரு பந்து சொல்லாமல் கொள்ளாமல் பத்து யார்டு அதிகம் போகும். ரஃபிலிருந்து (ஓரத்து நீளப் புல்) அடித்தால் இது இன்னும் கூடும். முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் புல் மாட்டும், ஸ்பின் விழாது, பந்து பறந்துவிடும். 'ஃப்ளையர்' என்று ஆட்டக்காரர்கள் சொல்வது அதைத்தான். தூரமாகப் போனால் சந்தோஷம்தானே என்று தோன்றும். கிரீனுக்குப் பின்னால் குளம் இருக்கிற ஹோலில் ஒரு தடவை அடித்துப் பார்த்தால் தெரியும். எனக்கு 9 அயர்னில் பத்து யார்டு போனஸ் தேவையே இல்லை. அது இன்ன தூரம்தான் போகும் என்று தெரிந்தால் போதும்.

டி150, டூர் ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் டி100இன் அண்ணன் மாதிரி. டி100இன் 7 அயர்ன் 34 டிகிரி, இது 32. தலை கொஞ்சம் பெரிது, சோல் ஒரு இழை அகலம், மேல் விளிம்பு அதே பாணி. அடித்துச் செய்த உடல், உள்ளே டங்ஸ்டன் எடை. கேவிட்டி பேக்தான் (பின்புறம் குழிந்த தலை), ஆனால் ஜி430 மாதிரி அள்ளி அணைக்காது. என் டோ பக்கத்து வட்டங்களுக்கு இது போட்ட அபராதம் பி790ஐவிடக் கொஞ்சம் கூடுதல், மிசுனோவைவிட நிறையக் குறைவு. தூரத்தில் பி790இன் 7 அயர்ன் முந்தியது. லாஃப்ட் வித்தியாசத்தைப் பார்த்தால் முந்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் முன்பின் சிதறல், அதாவது அடித்த பந்துகளில் மிகக் கிட்ட விழுந்ததற்கும் மிகத் தூரம் விழுந்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி, டி150இல் சிறியது. இறங்கு கோணமும் செங்குத்து. 7 முதல் வெட்ஜ் வரை நாலு நாலு டிகிரியாக ஒரே சீராக இறங்குவதும் எனக்குப் பிடித்தது. பி790இன் நாலரை டிகிரி, ஐந்து டிகிரி இடைவெளிகளில் 8க்கும் 9க்கும் நடுவே ஒரு தூரம் மாட்டிக்கொள்கிறது.

சோதனை பற்றிச் சில வார்த்தைகள். உள்ளே பாய் விரித்த ஸ்டூடியோவில் தரையில் முட்டிய ஷாட்டும் நல்ல ஷாட் மாதிரி தெரியும். பாய் வழுக்கிவிட்டு பந்தை அனுப்பிவிடும். அதனால் கடைசி இரண்டு போட்டியாளர்களையாவது புல்லில் அடிக்க வேண்டும். ரேஞ்ச் பந்து வேண்டாம், நீங்கள் ஆடுகிற பந்தையே கொண்டுபோங்கள். ஒரே கிளப்பில் தொடர்ந்து அடிக்காமல் மாற்றி மாற்றி எடுங்கள், இல்லாவிட்டால் உடம்பு சூடானபோது கையில் இருந்த கிளப் ஜெயித்துவிடும். "இது கணக்கில் வேண்டாம் சார்" என்று கெட்ட ஷாட்டை அழிக்க வருவார்கள், விடாதீர்கள். மைதானத்தில் அதை யாரும் அழித்துத் தரப்போவதில்லை. அப்புறம், 7 அயர்னோடு நிறுத்தாமல் 5ஐயும் வெட்ஜையும் கேட்டு வாங்கி அடியுங்கள். ஊட்டி, வெலிங்டன் பக்கம் ஆடுகிறவர்கள் அங்கே கிடைத்த தூரத்தை வைத்து செட்டைத் தேர்வு செய்ய வேண்டாம். மலைக் காற்று மெல்லியது, எல்லாமே கூடுதலாகத்தான் போகும்.

தலையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு லை ஆங்கிளை (தண்டு தரையோடு செய்யும் கோணம்) விட்டுவிட்டால் பாதி வேலைதான். மார்க்கர் பேனாவால் பந்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, கோடு கிளப் முகத்தைப் பார்க்கிற மாதிரி வைத்து அடியுங்கள். முகத்தில் கோடு அச்சாகும். நேராக நின்றால் லை சரி. சாய்ந்திருந்தால் கிளப் உங்கள் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் பொருந்தவில்லை. உயரம் கம்மியானவர் கையில் ஸ்டாண்டர்ட் கிளப்பின் டோ தூக்கிக்கொண்டு நிற்கும், வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் இழுக்கும். அவர் அதை ஸ்விங் கோளாறு என்று நினைத்து கோச்சிடம் போவார். பிங் இதற்கு வண்ணப் புள்ளி வைத்திருக்கிறது: கறுப்பு ஸ்டாண்டர்ட், நீலம் நிமிர்வு, சிவப்பு தட்டை. உயரத்தையும் மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள அளவையும் சொன்னால் புள்ளி கிடைத்துவிடும். செகண்ட் ஹேண்டில் பிங் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தப் புள்ளியைத்தான், ஏனென்றால் 17-4 எஃகை வளைப்பது சிரமம். அடித்துச் செய்த மென்மையான கார்பன் ஸ்டீலை ஒன்றிரண்டு டிகிரி வளைப்பது ஃபிட்டருக்கு ஐந்து நிமிட வேலை.

ஷாஃப்ட் (தண்டு) எடையிலும் கவனம் வேண்டும். டைனமிக் கோல்டு எஸ்300 ஏறக்குறைய 130 கிராம், என்.எஸ். ப்ரோ 950ஜிஹெச் நூற்றுக்குக் கொஞ்சம் கீழே. ஏசி ஸ்டூடியோவில் முப்பது கிராம் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஏப்ரல் வெயிலில் பதினைந்தாவது ஹோலில் தெரியும்.

என் முடிவு டி150, 5 அயர்னிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை, எடை குறைந்த ஸ்டீல் ஷாஃப்ட், லை ஒரு டிகிரி தட்டை. வியர்க்கிற கைக்கு நூல் கலந்த கார்டு கிரிப். கீழே 49, 54 டிகிரியில் இரண்டு வெட்ஜ். 4 அயர்ன் வாங்கவில்லை, அந்த இடத்தில் பழைய ஹைப்ரிட்டே தொடரும். 5 அயர்னும் எத்தனை நாள் பையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பை தூக்கி வரும் கேடி இப்போதே அதைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.