காசால் தட்டுவதா, நியூட்ரானில் படமெடுப்பதா?

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஆத்தங்குடி டைல்ஸ் பிடிமானம் விட்டிருக்கிறதா என்று கொத்தனார் ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே வந்தார். 'டங்' என்றால் சரி, 'பொத்' என்றால் அடியில் காலி. அப்படி ஒரு கல்லைப் பெயர்த்தோம். காரை உதிர்ந்து, காய்ந்து கிடந்தது. ஈரம் வந்து போய் எத்தனை மழைக்காலம் ஆயிற்றோ!

விமானப் பழுதுபார்ப்பிலும் காசால் தட்டும் சோதனை உண்டு; குறையும் அதேதான். ரட்டர் (வாலில் இருக்கும், விமானத்தைத் திருப்பும் சுக்கான்) போன்ற பாகங்களில் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேன்கூடு மாதிரி அறைகள் இருக்கும். ஓர இடுக்கில் புகுந்த தண்ணீர் உயரத்தில் உறைந்து, சுமார் 9 சதவீதம் பருத்து, பசையைப் பிரிக்கும். பிரிந்த பிறகுதான் காசுக்குத் தெரியும்.

எக்ஸ்ரே எலெக்ட்ரான்களைப் பார்க்கிறது. அலுமினிய அறைகள் அழகாகத் தெரியும்; கொஞ்சூண்டு தண்ணீர் தப்பிவிடும். நியூட்ரான் பார்ப்பது அணுக்கருவை. அலுமினியத்தை ஏறக்குறைய கண்ணாடிபோலக் கடந்துபோய், தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனில் பட்டுச் சிதறும். ஈரம் நின்ற அறை மட்டும் படத்தில் கறுத்திருக்கும். பசையிலும் ஹைட்ரஜன் உண்டு என்பதுதான் தொல்லை. உலர்த்தி, இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பசை, எது தண்ணீர் என்று பிரிந்துவிடும். கனடாவில் கிங்ஸ்டன் ராணுவக் கல்லூரியின் நியூட்ரான் தரும் ஸ்லோபோக்-2 அணு உலையில் சிஎஃப்-18 போர் விமான ரட்டர்களை இப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

நம் பக்கம் கல்பாக்கத்தில் காமினி இருக்கிறது. யுரேனியம்-233 எரிபொருளில் ஓடும் 30 கிலோவாட் குட்டி உலை. நியூட்ரான் படமெடுப்பதும் அதன் வேலை. ஆனால் எந்த உலையும் விமானத்தைத் தேடி வராது, பாகத்தைக் கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அன்றாட வேலைக்கு என் ஓட்டு, சூடு குளிர்ச்சியைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவுக்கு. தரையிறங்கியதும் தண்ணீர் தேங்கிய இடம் மட்டும் குளிர்ச்சி விடாமல் திட்டாகத் தெரியும், எதையும் கழற்ற வேண்டாம். நேரம்தான் குறைவு. செட்டிநாட்டில் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று உண்டே, அங்கே சித்திரை மத்தியானம் ஒரு விமானம் இறங்கினால் அந்தக் குளிர் எவ்வளவு நேரம் தாங்கும்? அப்புறம் ஹீட்டரால் சூடேற்றித்தான் பார்க்கவேண்டும். அதிலும் சந்தேகம் தீராத ரட்டரை மட்டும் கழற்றி உலைக்கு அனுப்பலாம்.