அண்ணன் கல்யாணக் கேசட்டுகளை டிவிடியாக்கிய அனுபவம்

2004-ல் கோபிசெட்டிபாளையத்தில் நடந்த அண்ணன் கல்யாணத்தை மாமா தன் மினிடிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் கேசட்) கேம்கார்டரில் ஒரு மணி நேரக் கேசட்டுகள் மூன்றில் எடுத்திருந்தார். 2011-ல் அவற்றை டிவிடியாக்க ஈரோட்டில் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்றையும் ஒரே டிஸ்க்கில் அடக்கிக் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தால், அக்கா இணைச்சீர் (மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் சடங்கு) செய்யும் இடத்தில் பட்டுச் சேலையின் சரிகை கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. வெற்றிலை மென்றபடி அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தலையைத் திருப்பும்போது முகமே கரைந்துபோனது. "ஏங் கண்ணு, அப்பிச்சி மூஞ்சி இப்படியா இருந்துச்சு?" என்று அம்மிச்சி கேட்டார். அப்பிச்சி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் அசைந்து பேசுவது வேறு எதிலும் இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

கேசட்டில் படம் நொடிக்கு 25 மெகாபிட் அளவில் பதிவாகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. சாதாரண டிவிடியில் இருப்பதோ 4.7 ஜிபி. அதில் மூன்று மணி நேரத்தைத் திணித்தால் நொடிக்கு மூன்றரை மெகாபிட்கூடத் தேறாது. சரிகை உடைந்த காரணம் அதுதான். ஒரு டிஸ்க்குக்கு ஒரு மணி நேரம் மட்டும் என்று வைத்துக்கொண்டால் 8 மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம். நான் மூன்று கேசட்டுக்கு மூன்று டிஸ்க் போட்டேன்.

அதைவிட முக்கியம், கேசட்டிலிருந்து கணினிக்கு எப்படி எடுக்கிறோம் என்பது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் எடுத்தால் படம் ஒருமுறை அனலாக் ஆகித் திரும்ப டிஜிட்டல் ஆகிறது. அங்கேயே கூர்மை போய்விடும். கேம்கார்டரைக் கணினியோடு நேரடியாக இணைக்கும் ஃபயர்வயர் கேபிளில் எடுத்தால் டேப்பில் இருக்கும் பதிவு அப்படியே நகலாகி வரும். கேசட் ஓடும் ஒரு மணி நேரமும் காத்திருக்கத்தான் வேண்டும். ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருப்பது அவசியம். பழைய ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக நிற்காது.

முதல் டிஸ்க் வீணானது. ஆட்கள் நடந்தால் படம் முன்னும் பின்னும் உதறியது. இந்தக் கேசட்டின் டிவி (DV) முறையில் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாக இருக்கும். இரட்டைப்படை வரிகள்தான் முதலில் வரவேண்டும். டிவிடிக்கு வேண்டிய எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றும்போது அந்த வரிசை மாறியிருந்தது. அதைச் சரிசெய்ததும் நாதஸ்வரக்காரர் விரல் ஓடுவதுகூடத் தெளிவாக வந்தது.

அப்புறம் டிஸ்க்குகளை வெயில் படாமல் பீரோவில் நிறுத்தி வைத்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி, மொத்தம் ஆறு. ஐந்து இன்றும் ஓடுகின்றன. ஒன்று மட்டும் கடைசிப் பத்து நிமிடம் திக்கத் தொடங்கியது. அந்த 13 ஜிபி மூல ஃபைல்களை நான் அழிக்காமல் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்ததால், அதிலிருந்தே புதிதாக எழுதிக்கொண்டேன். போன பொங்கல் நோன்பிக்கு அக்கா மகள் அதைப் போட்டுப் பார்த்தாள். அப்பிச்சி தலையைத் திருப்பும் இடத்தில் நிறுத்தி, காதில் இருக்கும் கடுக்கனைக் காட்டி, "இது இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.