அகுஸ்தினாவைத் தேடி சரகோசாவில் ஒரு வழிகாட்டி நடை

ஸ்பெயினின் சரகோசா நகரில், நெப்போலியனின் படை இருமுறை முற்றுகையிட்டுத் தாக்கிய இடங்களை நடந்தே காட்டும் வழிகாட்டிச் சேவை ஒன்றில் சேர்ந்துகொண்டேன். அந்த நகருக்கு நான் போனதே அகுஸ்தினா டி அரகோன் என்ற பெண்ணுக்காகத்தான். ஆகவே, அவருடைய கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன்.

போர்த்தீயோ சதுக்கத்தில் கழிந்த அரைமணி நேரம் ஒன்றுக்காகவே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். 1808 ஜூலை 2 அன்று, அங்கிருந்த நகர்வாயிலின் பீரங்கி மேடையில் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்து, திரி வைக்கவும் ஆளில்லாமல் போய், பிரெஞ்சுப் படை வாயிலை நெருங்கிவிட்ட வேளையில், 22 வயது அகுஸ்தினா, விழுந்து கிடந்த வீரரின் கையிலிருந்த எரிதிரியை எடுத்து, முன்னேறி வந்தவர்கள் மீது பீரங்கியை முழங்கவைத்தார். கலைந்துகொண்டிருந்த காவலர்கள் அதைக் கண்டு திரும்பிவந்தார்கள். எதிரிகள் எவ்வளவு அருகில் வந்திருக்கக்கூடும் என்பதை வழிகாட்டி அடியெண்ணி நடந்து காட்டியபோது எனக்கு உடல் சிலிர்த்தது. விழுந்து கிடந்தவர் அகுஸ்தினாவின் காதலர் என்று பிற்காலத்தில் கட்டப்பட்ட கதையை வழிகாட்டி தெளிவாக மறுத்ததும் பாராட்டுக்குரியது. அகுஸ்தினாவின் கணவர் ஒரு பீரங்கிப்படை வீரர். போருக்குப் பின்னும் உயிரோடு இருந்தவர்.

அதே சதுக்கத்தில் 1908-இல் சிற்பி பென்யூரே வடித்த அகுஸ்தினாவின் வெண்கலச் சிலை நிற்கிறது. அருகிலுள்ள தேவாலயத்தின் சிற்றாலயத்தில் அகுஸ்தினாவோடு காஸ்தா ஆல்வாரெஸ், மானுவேலா சான்சோ ஆகியோரும் துயில்கிறார்கள். கழியில் துப்பாக்கிமுனைக் கத்தியைக் கட்டிக்கொண்டு போரிட்ட காஸ்தாவைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இங்குதான். நகரைக் காத்தவள் ஒருத்தி மட்டுமல்லள் என்பதை அந்தக் கல்லறைகளின் முன் நிறுத்திச் சொன்னது இந்த நடையின் மிகச் சிறந்த பகுதி. கார்மென் வாயிலில் இன்றும் தெரியும் குண்டுத் தழும்புகளையும் பார்த்தோம்.

எனக்குள்ள பெரிய குறை, கதை பீரங்கி முழக்கத்தோடு நின்றுவிடுவதுதான். 1808 டிசம்பரில் தொடங்கி 1809 பிப்ரவரி 20 அன்று நகரம் வீழ்ந்ததில் முடிந்த இரண்டாம் முற்றுகைக்கு ஐந்து நிமிடங்கள்கூடக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 54,000 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது கொள்ளைநோய். அகுஸ்தினாவும் நோயுற்றுச் சிறைப்பட்டார்; அந்தச் சிறைவாசத்தில் தம் குழந்தையை இழந்தார். அதன் பிறகும் தப்பிவந்து போரைத் தொடர்ந்தார். 1857-இல் வட ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஸ்பானிய நகரான செயுத்தாவில் இறந்த அவருடைய எச்சங்கள் 1870-இல்தான் சரகோசாவுக்கு வந்தன. வெற்றி பெற்ற ஒரு நாளைவிட, தோற்ற பின்னும் விடாமல் நின்ற இந்த ஆண்டுகள்தாம் அவரை எனக்கு நெருக்கமாக்கின.

நடை முடிந்ததும், ஸ்பானிய ஓவியர் கோயாவின் பெயரில் நகரிலுள்ள அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். ‘போரின் பேரழிவுகள்’ என்ற அவருடைய அச்சோவிய வரிசையின் ஏழாம் படத்தில், பிணங்களின் மேல் ஏறி நின்று பீரங்கிக்குத் திரி வைக்கும் ஒரு பெண்ணைக் கோயா செதுக்கியிருக்கிறார். நமக்கு முதுகு காட்டி நிற்கும் அவளுடைய முகம் தெரிவதில்லை. சதுக்கத்தின் வெண்கலச் சிலையைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அந்தப் படத்தை விட்டு நகர வெகுநேரம் ஆயிற்று.