எக்செல்லை ஓட்ட: உள்ளே மேக்ரோவா, வெளியே பைத்தானா?

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் 180 பேருக்குச் சம்பளச் சீட்டு தயாராக வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. கட்டிங், டைலர், செக்கிங், பேக்கிங் என்று எல்லோருக்கும் வாரச் சம்பளம், பெரும்பாலும் பீஸ் ரேட். கணக்கு முழுவதும் எக்செல்லில் இருக்கிறது. ஒவ்வொரு பெயராக எடுத்துச் சீட்டுத் தாளில் நிரப்பி, பிடிஎஃப் ஆக்கி அச்சடிப்பதைக் கையாலேயே செய்துகொண்டிருந்தார்கள். அந்த வேலையை எக்செல்லே செய்துகொள்ளும்படி ஏதாவது எழுதித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார்கள். முதலில் எக்செல்லுக்கு உள்ளேயே மேக்ரோ எழுதினேன்; அதாவது, அந்தக் கோப்புக்குள்ளேயே இருந்து ஓடும் சிறு நிரல். ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு அதைக் கழற்றிவிட்டு, பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு நிரலால் வெளியிலிருந்து எக்செல்லை இயக்க ஆரம்பித்தேன். இப்போது அது இரண்டாவது வருடத்தில் இருக்கிறது. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை இதற்குமேல் மறைக்க முடியாது.

இரண்டும் வெவ்வேறு வித்தைகள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எக்செல் வெளியே நீட்டும் கைப்பிடி ஒன்றுதான். செயலி, அதற்குள் பணிப்புத்தகம், அதற்குள் ஷீட், அதற்குள் செல்களின் தொகுதி என்று ஒரு சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் பெயரும் செயல்களும் உண்டு. மேக்ரோக்களை எழுதும் மொழியான, 1993-இல் எக்செல் 5 பதிப்போடு வந்த வி.பி.ஏ., அந்தக் கைப்பிடியை உள்ளிருந்து பிடிக்கிறது. பைத்தான், மார்க் ஹாமண்ட் எழுதிய பைவின்32 தொகுப்பின் துணையோடு, ஒரு நிரல் இன்னொன்றை இயக்க விண்டோஸ் தரும் ‘காம்’ என்ற ஏற்பாட்டின் வழியாக அதே கைப்பிடியை வெளியிலிருந்து பிடிக்கிறது. பிடிஎஃப் ஆக்கும் கட்டளை இரண்டிலும் அதே பெயரில்தான் இருக்கிறது. ஆகவே ஒன்றில் கற்றது மற்றொன்றில் வீணாவதில்லை. நாம் செய்வதைப் பார்த்து மேக்ரோவாக எழுதும் ரெக்கார்டரை எக்செல்லில் ஓடவிட்டு, அது எழுதித் தருவதைப் பைத்தானுக்கு மாற்றிக்கொள்வதை இன்றும் செய்கிறேன்.

மூன்றாவதாக ஒரு வழியை யாராவது சொல்வார்கள்: மவுஸையும் விசைப்பலகையையும் மனிதனைப் போல அழுத்தும் நிரல். செய்யலாம். திரையில் ஒரு ஜன்னல் நாலு விரற்கடை நகர்ந்தாலும் தவறான பொத்தானை அழுத்தும். கைப்பிடியே இல்லாத பழைய மென்பொருளுக்கு வேறு கதியில்லை. எக்செல்லுக்கு அது தேவையில்லை. நான்காவது, எக்செல்லைத் திறக்காமலே கோப்பைப் படித்து எழுதும் ஓபன்பைஎக்செல் போன்ற தொகுப்பு. வெறும் எண்களைக் கொட்டி வைப்பதற்கு அருமையானது. ஆனால் அது சூத்திரங்களைக் கணக்கிடாது. கோப்பைத் திறந்து திரும்பச் சேமிக்கும்போது உள்ளே வரைந்திருந்த வடிவங்களை விட்டுவிடும். எங்கள் சீட்டில் கட்டம் கட்டிய வடிவங்களும் சூத்திரங்களும் நிறைய. அதனால் எக்செல்லைத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

மேக்ரோவின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. எஃப்8 விசையால் ஒவ்வொரு வரியாக நடத்திப் பார்க்கலாம். ஷீட்டிலேயே ஒரு பொத்தான் வைத்துவிட்டால் கணக்குப் பிரிவில் யாரும் அழுத்தலாம். வேகமும் அதிகம். வெளியிலிருந்து பேசும்போது ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு தடவை இரண்டு நிரல்களுக்கு இடையே போய்வர வேண்டியிருக்கிறது. நான் முதலில் எழுதிய பைத்தான் நிரல் செல் செல்லாக நிரப்பியது. அதை ஓடவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மொத்த அட்டவணையையும் ஒரே வீச்சில் ஒரு தொகுதிக்குக் கொடுக்கக் கற்றபின் அந்தக் குறை தீர்ந்தது.

மேக்ரோவோடு எனக்கு முதலில் மனக்கசப்பு வந்தது தமிழால்தான். வி.பி.ஏ. எழுதும் ஜன்னல், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடுக்கு முந்தைய காலத்தது. அதில் ‘ஊதியம்’ என்று தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நிற்கும். பழைய விண்டோஸ் எழுத்துக் குறியீட்டு அட்டவணைகளில் தமிழுக்கு இடமே இருந்ததில்லை. வழி உண்டு: ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் யூனிகோடு எண்ணைக் கொடுத்துக் கோக்கலாம். ‘ஊதியம்’ என்ற சொல்லுக்கு 2954, 2980, 3007, 2991, 2990, 3021 என்று ஆறு எண்கள். மறுநாள் அந்த வரியைப் பார்க்கும் எவருக்கும் அது என்ன சொல் என்று புரியாது. ஒளித்து வைத்த ஒரு ஷீட்டில் தமிழ்ச் சொற்களை எழுதிவைத்து, மேக்ரோ அங்கிருந்து எடுத்துக்கொள்வது இதைவிட மேல். நானும் அப்படித்தான் ஒப்பேற்றினேன். ஆனால் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று தமிழில் ஒரு செய்திப்பெட்டி காட்ட நினைத்தால் மீண்டும் கேள்விக்குறி. தமிழில் பெயரிட்ட கோப்பு இருக்கிறதா என்று வி.பி.ஏ.வின் பழைய ‘டிர்’ கட்டளையைக் கேட்டால், இருக்கும் கோப்பையும் இல்லை என்கிறது. பைத்தானில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை; தமிழைத் தமிழாகவே எழுதிவிட்டுப் போகலாம்.

இருந்தாலும் நான் மாறியதற்குக் காரணம் தமிழ் இல்லை. கேள்விக்குறிகளோடு ஒன்றரை வருடம் குடித்தனம் நடத்தியவன், இன்னும் பத்து வருடமும் நடத்தியிருப்பேன். மாற வைத்தது பராமரிப்பு.

கணக்குப் பிரிவில் புதிய வாரத்தை எப்படித் தொடங்குவார்கள்? போன வாரக் கோப்பை நகல் எடுத்து, தேதியை மாற்றி, எண்களை அழித்துவிட்டுத் தொடங்குவார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான். மேக்ரோ அந்தக் கோப்புக்குள்ளேயே குடியிருக்கிறது. ஆகவே வாரம் ஒரு முறை அது குட்டி போடுகிறது. வருடக் கடைசியில் 52 கோப்புகள், 52 மேக்ரோக்கள். எல்லாம் ஒரே முகம். உள்ளே எது எந்தத் தேதியில் திருத்தியது என்று எனக்கே தெரியாது.

ஒரு வாரம் ஒரு டைலர் தன் சீட்டோடு வந்து நின்றார். பீஸுக்கு 2.50 ரூபாய், 1,245 பீஸ்; மொத்தம் 3,112.50. ஐம்பது பைசா வந்தால் மேல் ரூபாய்க்கு ஏற்றிக் கொடுப்பது அங்கே வழக்கம். பதிவேட்டில் 3,113 என்று சரியாக இருக்கிறது. சீட்டில் 3,112 என்று அச்சாகியிருக்கிறது. ஷீட்டில் உள்ள ரவுண்ட் சூத்திரம் பாதியை மேலே ஏற்றும். வி.பி.ஏ.வுக்குள் அதே பெயரில் இருக்கும் ரவுண்ட், பாதி வந்தால் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 3,113.50 ஆக இருந்திருந்தால் இரண்டும் 3,114 என்றே சொல்லியிருக்கும். அதனால்தான் அத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. இது எங்கோ விளக்கக் குறிப்பில் எழுதியிருக்கிற சங்கதிதான்; படிக்காதது என் தவறு. பைத்தானின் ரவுண்டும் அச்சாக இதையே செய்யும். அங்கே எழுதியிருந்தாலும் இதே குழியில்தான் விழுந்திருப்பேன்.

வித்தியாசம் விழுந்த பிறகுதான் தெரிந்தது. நடப்பு வாரக் கோப்பில் மேக்ரோவைத் திருத்தினேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பண்டிகை வாரம் ஒன்றுக்கு, அதேபோன்ற பிடித்தங்கள் இருந்த ஒரு பழைய கோப்பை நகல் எடுத்திருக்கிறார்கள். அதற்குள் பழைய மேக்ரோ இருந்தது. தவறு உயிர்த்தெழுந்து, அந்த நகலிலிருந்து எடுத்த அடுத்தடுத்த நகல்களிலும் தொற்றிக்கொண்டது. ஒரு ரூபாய்தான். ஆனால் சீட்டில் ஒரு ரூபாய் குறைந்தால் சனிக்கிழமை மாலை அந்த அறையில் என்ன சத்தம் எழும் என்பது அங்கே உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

இப்போது நிரல் ஒரே இடத்தில், ஒரே எழுத்துக் கோப்பாக இருக்கிறது. கணக்குக் கோப்புகளில் எண்களும் சூத்திரங்களும் மட்டும். எந்தப் பழைய கோப்பைக் கொடுத்தாலும் இன்றைய நிரல்தான் அதன்மேல் ஓடும். முழு ரூபாய் ஆக்குவதை ஷீட்டின் சூத்திரத்துக்கே விட்டுவிட்டேன். நிரல் அந்த விடையைப் படிப்பதோடு சரி. எந்தத் தேதியில் எந்த வரி மாறியது என்பதை, திருத்தங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருள் காட்டிக்கொடுக்கிறது. மேக்ரோ அடங்கிய எக்செல் கோப்பு ஓர் அமுக்கிய பொட்டலம். அதற்குள் நிரல், மனிதர் படிக்க முடியாத இருமக் கோப்பாகக் கிடக்கிறது. மாட்யூல்கள் என்ற நிரல் பகுதிகளைத் தனித்தனியே வெளியே எடுத்துச் சேமித்து வைக்கலாம்தான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதை மறக்காமல் செய்கிறவர்களை வணங்குகிறேன்.

விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் கை தூக்குவார்கள்: மேக்ரோவை எக்செல்லோடு இணைத்துக்கொள்ளும் ஆட்-இன் கோப்பாக்கித் தனியே வைத்தால் இந்தக் குட்டி போடும் பிரச்சினையே இல்லையே? உண்மை. அப்படி ஒழுங்காக நடத்தும் அலுவலகத்தில் என் வாதம் பாதி கரைந்துவிடும். நான் அதை ஒரு மாதம் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு கணினியிலும் ஆட்-இன்னைச் சேர்க்க வேண்டும்; பொதுக் கோப்புறையில் வைத்தால், யாராவது எக்செல்லைத் திறந்து வைத்திருக்கும்வரை அதைத் திருத்திச் சேமிக்க முடியாமல் பூட்டிக்கொண்டது. ஒரு மாத அனுபவத்தை வைத்து அதற்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரே கணினி, ஒரே ஆள் என்றால் இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

பைத்தான் பக்கத்துக் குறைகளையும் சொல்ல வேண்டும். சில என் மானத்தை வாங்கியவை. எக்செல்லைப் பிடிக்கும் ‘டிஸ்பேட்ச்’ கட்டளை, ஏற்கெனவே ஓர் எக்செல் திறந்திருந்தால் போய் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது தெரியாது. வேலை முடிந்ததும் ‘குவிட்’ சொல்லி மூடும்படி எழுதியிருந்தேன். ‘சேமிக்கட்டுமா’ என்று நடுவில் கேட்டுத் தொல்லை செய்யாதபடி எச்சரிக்கைகளையும் அணைத்திருந்தேன். முதல் சனிக்கிழமையே, கணக்குப் பார்க்கும் அக்கா பாதி எழுதி வைத்திருந்த முன்பணப் பட்டியல், சேமிக்காமலே கண் முன்னால் மூடிக்கொண்டது.

“தம்பி, என் லிஸ்ட் எங்கே போனது?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல மறுபடி தட்டிக் கொடுத்தேன். அன்றே ‘டிஸ்பேட்ச் எக்ஸ்’ என்ற கட்டளைக்கு மாற்றினேன். அது எப்போதும் தனியாக ஒரு புது எக்செல்லைத் திறந்துகொள்ளும். அக்காவின் எக்செல்லைத் தொடாது. ஆனால் நிரல் நடுவில் விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த எக்செல் பின்னணியில் கிடந்துவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மூன்று நான்கு எக்செல்கள் வரிசையாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். என்ன ஆனாலும் கடைசியில் மூடிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நிரலில் கட்டாயமாக எழுதிவைப்பது ஒன்றே மருந்து.

திறந்திருக்கும் எக்செல்லோடு பேசித்தான் ஆகவேண்டும் என்றால், யாராவது ஒரு செல்லுக்குள் தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது வெளியாரின் அழைப்பை மறுத்துவிடும். சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிட வேண்டும். இன்னொன்று: பைவின்32 தனக்கென்று தற்காலிகக் கோப்புறையில் எழுதிவைக்கும் ‘ஜென்பை’ குறிப்புகள் சில சமயம் கெட்டுப்போய், நேற்றுவரை ஓடியது இன்று புரியாத பிழையைக் கக்கும். அந்தக் கோப்புறையை அழித்தால் சரியாகிவிடும். இது தெரியாத முதல் நாள் முழுவதும் என் நிரலையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

ஆள் இல்லாத சர்வரில் இரவெல்லாம் எக்செல்லை இப்படி ஓடவிடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். மைக்ரோசாஃப்டே அந்தப் பயன்பாட்டைப் பரிந்துரைப்பதில்லை, ஆதரிப்பதுமில்லை. ஒரு கேள்விப்பெட்டி எழுந்து நின்றால் பதில் சொல்ல ஆளிருக்காது. எங்கள் வேலை பகலில், ஆள் பார்க்க நடக்கிறது.

உரிமக் காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு லிபரே ஆபீஸ் உண்டு. அதன் கைப்பிடிக்கு ‘யூனோ’ என்று பெயர். விண்டோஸில் நிறுவும்போதே பைத்தானும் சேர்ந்து வரும். ஜன்னல் எதுவும் காட்டாமல் பின்னணியில் ஓட்டவும் அதில் முறையான வழி இருக்கிறது. கோப்புகளைக் கூட்டமாக பிடிஎஃப் ஆக்க வேண்டும் என்றால் நிரலே வேண்டாம். ஒரு கட்டளை வரி போதும். நான் அதில் இரண்டு வாரமே புழங்கினேன். யூனோவில் சின்ன விஷயத்துக்கும் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் சீட்டின் வடிவங்கள் சில இடம் மாறி விழுந்தன. கோப்புகளை ஆரம்பத்திலிருந்தே அங்கேயே உருவாக்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

எது அதிக நாள் நிற்கும்? மேக்ரோவுக்குக் கதவு மெல்ல மெல்லச் சாத்தப்படுகிறது. இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் உள்ள மேக்ரோக்களை 2022 முதல் ஆபீஸ் தானாகவே தடுக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பில் பொத்தான் வேலை செய்யவில்லை என்று வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை இதனால்தான். அதற்காக வெளியிலிருந்து பிடிக்கும் கைப்பிடி சாசுவதம் என்றும் சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் செயலியான புதிய அவுட்லுக்கில் வி.பி.ஏ.வும் இல்லை, காம் ஆட்-இன்களும் இல்லை. எக்செல்லுக்கும் அந்த நாள் வந்தால் நானும் இதையெல்லாம் திரும்ப எழுத வேண்டியவன்தான்.

பொத்தான் போய்விட்டதே என்று கணக்குப் பிரிவில் முதலில் முனகினார்கள். டெஸ்க்டாப்பில் ‘சம்பளச் சீட்டு’ என்று தமிழில் பெயரிட்ட ஒரு குறுக்குவழியை வைத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை கிளிக் செய்தால் ஓடும். முன்பணப் பட்டியல் மூடிக்கொண்ட அன்று, எக்செல்லை மூடிவிட்டு அழுத்தவும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தேன். இப்போது அதற்குத் தேவையே இல்லை, பலமுறை சொல்லிவிட்டேன். அக்கா அந்தக் காகிதத்தைக் கிழிக்க விடவில்லை. சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் சேமித்து மூடிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கிளிக் செய்கிறார்.